முதல் நாள் கூட்டம்

நிற்பதுதான் என் வேலை. கல்யாண சீன் என்றால் மண்டபத்தில் நிற்பேன். சாவு சீன் என்றால் தெருவில் நின்று மூக்கைச் சிந்துவேன். அரசியல்வாதி வேஷக்காரர் மேடையில் பேசினால் கீழே வெயிலில் நின்று கை தட்டுவேன். வடபழனியில் எங்களுக்கு ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் என்று பெயர். கேட்பதற்குப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் பாஞ்சாலி என்று என் பெயரைச் சொல்லி ஒரு டைரக்டரும் இன்றுவரை கூப்பிட்டதில்லை. “அந்தப் பச்சைப் புடவை, தள்ளி நில்லு” என்பார்கள். தள்ளி நிற்பேன். அதில் எனக்கு வெட்கமே கிடையாது. வெட்கமெல்லாம் என் பிள்ளைக்குத்தான்.

முருகன் பெயராக இருக்கட்டும் என்று ஆசை ஆசையாகக் கந்தவேல் என்று வைத்தேன். தி.நகர் பாண்டி பஜாரில் பெரிய செல்போன் கடையில் வேலைக்குச் சேர்ந்ததும் அதைக் ‘கேவி’ என்று நறுக்கிக்கொண்டான். சட்டையில் குத்தியிருக்கும் பேட்ஜிலும் கேவிதான். அம்மா என்ன செய்கிறார்கள் என்று கடையில் யாரோ கேட்டார்களாம். சினிமாவில் காஸ்ட்யூம் டிபார்ட்மெண்ட் என்று சொல்லிவைத்திருக்கிறான். ஊசியில் நூல் கோக்கக்கூட வராத என்னை! விஷயம் தெரிந்ததும் வீட்டில் பாத்திரம் உருண்டது. சில நாள் அவனோடு பேசவில்லை. அப்புறம், போகிறான் போ, சின்னப் பிள்ளையில் என் கூட ஷூட்டிங்குக்கு வந்து எத்தனை பேர் என்னை விரட்டுவதைப் பார்த்திருப்பான் என்று விட்டுவிட்டேன்.

கடைப் பக்கம் வராதே என்று அவன் சொன்னதில்லை. நானாகவே போகமாட்டேன். பாண்டி பஜாரில் வளையல் வாங்கப் போனாலும் எதிர்ச்சாரியில் நடந்து கடந்துவிடுவேன். ஆனால் ஓர் ஆசை இருந்தது, பொய் சொல்வானேன். போன தீபாவளிக்கு அவன் எடுத்துக்கொடுத்த மயில்கழுத்து நிறப் புடவையைக் கட்டிக்கொண்டு ஒரு நாள் அந்தக் கடைக்குள் நுழைய வேண்டும். “இவங்க எங்க அம்மா” என்று அவன் நாலு பேரிடம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

கடையில் அவனுக்கு இருந்த மரியாதை வேறு எந்தப் பையனுக்கும் இல்லை. புது போன் ஒன்று வருகிறது என்றால் அது விற்குமா, பெட்டியோடு தூங்குமா என்று முன்கூட்டியே சொல்லிவிடுவான். அவன் வாயைப் பார்த்துத்தான் முதலாளி சிதம்பரநாதன் சரக்கு எடுப்பார். உனக்கு மட்டும் எப்படிடா தெரிகிறது என்று நான் கேட்டதற்குச் சிரித்தான். போன் வருவதற்கு முன்பே அதற்கான கவர் பிளாட்பாரத்துக்கு வந்துவிடுமாம். ஜனங்கள் வாங்குவார்கள் என்று தோன்றினால் கவர் விற்கிறவர்கள் அதைக் கொத்தாக முன்னால் தொங்கவிடுவார்கள். தோன்றாவிட்டால் எடுக்கவே மாட்டார்கள். “கம்பெனிக்காரன் ஆயிரம் சொல்லுவாம்மா. கவர்காரன் தன் காசைப் போட்டுச் சொல்றான்” என்றான். அன்றிலிருந்து நானும் பிளாட்பாரத்தில் தொங்கும் கவர்களைப் பார்த்துக்கொண்டே நடப்பேன். என் பிள்ளை கண்டுபிடித்த வித்தை ஆயிற்றே.

அப்படிப்பட்டவன் இந்தப் புது போன் விஷயத்தில் தலைகீழாக விழுந்தான். போனின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. எங்கே பார்த்தாலும் அதே விளம்பரம். பஸ் முதுகில், ஆட்டோ முதுகில், வடபழனி மேம்பாலத் தூணில்கூட. கம்பெனிக்காரர்கள் கொட்டிவாக்கம் பக்கம் ஒரு கடற்கரை ஹோட்டலில் விழா வைத்து, கடைக்காரர்களை ஏசி பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார்கள். புகையும் லைட்டுமாக மேடை நடுவில் அந்த போன் எழும்பி வந்ததாம். திரும்பி வந்தவனுக்குக் கால் தரையில் இல்லை. “பறக்கும்மா இது” என்றான். அந்த ஒரு தடவை அவன் பிளாட்பாரத்தைப் பார்க்கப் போனானா என்று நான் கேட்கவில்லை.

அவன் பேச்சைக் கேட்டு, தி.நகரில் வேறு எந்தக் கடையும் எடுக்காத அளவுக்கு முதலாளி சரக்கு எடுத்தார். அடையாறில் அவர் புதுக் கிளை திறக்க இருந்தார். நீ சொன்னபடி இது பறந்தால் அடையாறு சாவி உன் கையில், நீதான் மேனேஜர் என்று சொல்லிவிட்டார். கந்தவேல் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது நான் முருகன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டேன். அதற்கப்புறம் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. ஓயாமல் யாரிடமாவது தாழ்ந்த குரலில் போன் பேசிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவான். பொறுப்பு வந்தால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். நான் ஒரு மக்கு.

விற்பனை தொடங்குவதற்கு முதல் நாள் சாயங்காலம் ஏஜென்ட் ஏசுராஜ் கூப்பிட்டான். எங்களை ஷூட்டிங்குக்கு ஆள் கட்டி அனுப்புகிறவன் அவன்தான். நாளைக்கு தி.நகரில் ஒரு வேலை, விளம்பரம் மாதிரி, வரிசையில் நின்றால் போதும் என்றான்.

“ஒரு பொண்ணு ஜொரம்னு படுத்துக்கினா யக்கா, ஆள் கொறயுது. வயசானவங்க வேணாம்னுச்சு பார்ட்டி, அதான் உன்ன மொதல்ல கூப்டல. நல்ல பொடவையா கட்டிக்கினு மாஸ்க் போட்டுக்கினு வா, ஒண்ணும் தெரியாது.”

எனக்கு மூக்கு நுனியில் கோபம். யாருக்கடா வயசாகிவிட்டது, உன் பார்ட்டியை வந்து என்னோடு மாடி ஏறச் சொல் என்று கத்தினேன். கத்திவிட்டுப் பெட்டியிலிருந்து மயில்கழுத்துப் புடவையை எடுத்து வைத்தேன். வயசானவள் என்று சொன்னவன் முகத்தில் கரியைப் பூச வேண்டும் அல்லவா. கந்தவேலிடம் என் வேலையைப் பற்றி நான் பேசுவதில்லை, அவனும் கேட்பதில்லை. மறுநாள் விடியும் முன்பே அவன் கடைக்குக் கிளம்பிப் போய்விட்டான்.

வடபழனி பஸ் டெப்போ அருகே வேன் நின்றது. என் பக்கத்தில் ஜைதூன் பீ உட்கார்ந்துகொண்டாள். எனக்கு ரொம்ப நாள் சிநேகிதி, எந்தக் கல்யாண சீனிலும் என் தோளோடு நிற்பவள். ஏசுராஜ் வேனுக்குள்ளேயே எல்லாவற்றையும் விளக்கினான். ஒரு செல்போன் கடையில் முதல் நாள் விற்பனை. வரிசையில் நிற்க வேண்டும். கதவு திறந்ததும் உள்ளே போய் மேஜை மேல் இருக்கும் போனை ஆசையாகப் பார்க்க வேண்டும். பின்வாசல் வழியாக வெளியே வந்து, துப்பட்டாவையோ சட்டையையோ மாற்றிக்கொண்டு, மறுபடியும் வரிசையின் வாலில் சேர்ந்துகொள்ள வேண்டும். யாரும் எதுவும் வாங்க வேண்டாம்.

அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது. பனகல் பார்க் பக்கம் இறங்கி நடந்தோம். எதிர்ச்சாரிக்குப் போகலாம் என்று பார்த்தேன், ஏசுராஜ் இந்தச் சாரியிலேயே இழுத்துக்கொண்டு போனான். பலூன் தோரணமும் வரிசைக்குக் கயிறும் கட்டியிருந்த என் பிள்ளையின் கடை வாசலில் கொண்டுபோய் எங்களை நிறுத்தினான்.

திரும்பி ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. கூச்சத்தில் உடம்பே சுருங்கிவிட்டது. மாஸ்கை மூக்குக்கு மேல் ஏற்றி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டேன். ஜைதூன் பீயிடம் மட்டும் காதோடு சொன்னேன், இது கந்தவேல் கடை என்று. அவள் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டாள். “யா அல்லா, புள்ளைக்குத் தெரியுமா?” என்றாள். தெரிந்தால் விடுவானா என்றேன். இது அந்தக் கம்பெனிக்காரன் வேலை. பொய்க்கூட்டம் கட்டிக் காட்டினால் கடைக்காரன் ஏமாந்து இன்னும் சரக்கு எடுப்பான், பழி பையன் தலையில் விழும். எனக்கு அப்படித்தான் புரிந்தது. எதிரே நடைபாதையில் கவர் விற்கிற ஒருவர் கடை விரித்துக்கொண்டிருந்தார். எல்லா போனுக்கும் கவர் தொங்கியது. இந்த போனுக்கு ஒன்றுகூட இல்லை. அதைப் பார்த்ததும் ஓடுகிற எண்ணம் போய்விட்டது. என் பிள்ளையை ஏமாற்றுகிறார்கள், எப்படியாவது அவன் காதில் போட வேண்டும் என்று நின்றுவிட்டேன்.

ஷட்டர் ஏறியது. பேண்டு வாசித்தார்கள், யாரோ ஜிகினாத் தாளை வெடித்துத் தூவினார்கள். முதலாளி சிதம்பரநாதன் வெள்ளைச் சட்டையில் படியில் நின்று கும்பிட்டார். கதவு விரியத் திறந்தது.

ஒருவரும் நகரவில்லை.

சிரிக்காதீர்கள். எங்களுக்குப் பழக்கம் அப்படி. கதவு திறந்தால் போகமாட்டோம், வெடி வெடித்தால் ஓடமாட்டோம். ஒருவர் ‘ஆக்‌ஷன்’ என்று சொன்னால்தான் எங்கள் கால் எழும். சொல்ல வேண்டிய ஏசுராஜ் டீ குடிக்கப் போயிருந்தான். திறந்த கதவின் முன்னால் அத்தனை பேரும் அப்படியே நின்றோம். பேண்டுக்காரர்கள்கூட வாசிப்பதைக் குறைத்துவிட்டார்கள். முதலாளியின் கும்பிட்ட கை இறங்கவில்லை.

உள்ளேயிருந்து கந்தவேல் வெளியே வந்தான். வரிசையை ஒரு பார்வை பார்த்தான். வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி, சட்டென்று கீழே இறக்கினான். உடனே வரிசை சிரித்துப் பேசிக்கொண்டு நகர்ந்தது. என் பிள்ளை எப்படிச் சமாளித்தான் பார் என்று எனக்கு அந்த நேரத்திலும் பெருமை வந்தது. என் இடுப்பில் உட்கார்ந்து ஷூட்டிங் பார்த்தவன் அல்லவா.

வாசலில் அவனைக் கடந்துபோனேன். அவன் கண் என் புடவையில் விழுந்தது. கொஞ்சம் நின்றது. பிறகு எனக்குப் பின்னால் வந்த பெண்ணிடம் போய், “வெல்கம் மேடம்” என்றான். மாஸ்க் காப்பாற்றியது என்று நினைத்துக்கொண்டேன். மேஜை மேல் அந்த போன் இருந்தது. முதுகுப் பக்கம் கண்ணாடி மாதிரிப் பளபளவென்று இருந்தது. அதில் முகமூடி போட்ட ஒரு கிழவி தெரிந்தாள். சட்டென்று நகர்ந்து பின்வாசல் வழியாக வெளியே போனேன்.

மாற்றுவதற்கு என்னிடம் வேறு புடவை இல்லை. முந்தானையைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு மறுபடியும் வரிசையின் வாலில் சேர்ந்தேன். இப்படியே சுற்றிச் சுற்றி வந்தோம். தெருவில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள், படம் பிடித்தார்கள், அவரவர் வழியில் போனார்கள். அவர்களில் ஒருவரும் வரிசையில் சேர்ந்ததாகத் தெரியவில்லை. வரிசை குறையாததைக் கண்டு முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. படியிலிருந்து இறங்கி, வரிசையோடு நடந்துவந்து, போனில் யாரிடமோ பேசினார். இன்னொரு லாட் வேண்டும், முதலில் எடுத்த அளவுக்கே வேண்டும், இன்றைக்கே அனுப்புங்கள், லைனில் இருக்கிறேன், மேலே கேட்டுச் சொல்லுங்கள் என்றார். என்னிடமிருந்து கை எட்டும் தூரத்தில் நின்று பேசினார். கந்தவேல் பக்கத்தில் நின்றான். முகம் வெளுத்துப்போயிருந்தது.

“சார், சாயங்காலம் வரைக்கும் பாத்துட்டு எடுக்கலாமே” என்று மெதுவாகச் சொன்னான்.

“என்னப்பா பயப்படுற. நீ சொன்னது பலிச்சிடுச்சு” என்று முதலாளி அவன் தோளைத் தட்டினார்.

பிள்ளைக்குச் சந்தேகம் வந்துவிட்டது, வாய்விட்டுச் சொல்லத் தைரியம் வரவில்லை என்றுதான் எனக்குப் பட்டது. எனக்குத் தைரியம் இருந்தது. அவமானம் என்ன பெரிய அவமானம். காஸ்ட்யூம்காரி இல்லை, கும்பலில் நிற்கிறவள் என்று இன்றைக்குத் தெரிந்துபோகும். தெரியட்டும். இரண்டாவது லாட்டும் பெட்டியோடு தூங்கினால் இவன் அடையாறுக்குப் போவது இருக்கட்டும், இந்தக் கடையில்கூட இருக்க முடியாது. கயிற்றைத் தூக்கிக் கீழே குனிந்து வெளியே வந்தேன். மாஸ்கைக் கழற்றினேன்.

“கந்தவேலு, எடுக்க வேணாம்னு சொல்லுடா. இது கூட்டமே இல்ல. நாங்க தான்டா.”

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். யாரம்மா நீங்கள் என்றார். நான் கேவியோட அம்மா என்றேன். அந்த வாசலில் அதை அவன்தான் சொல்ல வேண்டும் என்று எத்தனை நாள் ஆசைப்பட்டிருந்தேன். நாங்களெல்லாம் சினிமாவில் கூட்டத்தில் நிற்கிறவர்கள், வடபழனியிலிருந்து வேனில் வந்தோம், உங்களை யாரோ ஏமாற்றுகிறார்கள் என்றேன். அவர் நம்பவில்லை. பைத்தியமோ என்று செக்யூரிட்டியைத் தேடினார்.

நான் வரிசைப் பக்கம் திரும்பினேன்.

“பிரேக்” என்றேன்.

அவ்வளவுதான். ஒரே நொடியில் அத்தனை பெரிய வரிசை கலைந்தது. கொட்டாவி விட்டார்கள், செருப்பைக் கழற்றிக் காலைத் தேய்த்தார்கள், பொங்கல் பொட்டலம் வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டு வேன் இருக்கும் பக்கம் நடந்தார்கள். கயிறுகளுக்கு நடுவில் ஜைதூன் பீ மட்டும் நின்றாள். அவளுக்கு விஷயம் தெரியுமே, பாவம். அவளும் தலையைக் குனிந்துகொண்டாள்.

முதலாளி காலியாகிப்போன இடத்தையே பார்த்தார். போனைக் காதில் வைத்து, லாட் வேண்டாம், எதையும் அனுப்ப வேண்டாம் என்றார். காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு மூச்சு வந்தது. கந்தவேலைப் பார்த்தேன். அவன் கலைந்த வரிசையைப் பார்க்கவில்லை. அதில் அவனுக்கு ஆச்சரியமே இல்லை. அவன் என்னை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயசில், கூட்டத்தில் என்னை எவனாவது பிடித்துத் தள்ளும்போது பார்ப்பானே, அந்தப் பார்வை.

அந்தக் கை எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆக்‌ஷன் சொல்வதுபோலத் தலைக்கு மேல் போய்ச் சட்டென்று இறங்கிய கை.

“கேவி, உனக்கு இது தெரியுமா?” என்று முதலாளி கேட்டார்.

“அவனுக்குத் தெரியாதுங்க” என்று நான் முந்திக்கொண்டேன். “புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. கம்பெனிக்காரன் பண்ண வேலை.” தெரியாது என்று சொல்லிவிடு, சொல்லிவிடு என்று அவனைக் கண்ணாலேயே கெஞ்சினேன். அவன் வாயைத் திறந்தான். சொல்லியிருப்பானோ என்னவோ.

அதற்குள் டீ கிளாஸும் கையுமாக ஏசுராஜ் ஓடிவந்தான். கூட்டம் கலைந்ததற்கு நான்தான் காரணம் என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். என்னை முறைத்துவிட்டு நேராகக் கந்தவேலிடம் போனான். முதலாளி யார், என்ன என்றெல்லாம் அவனுக்குத் தெரியாது.

“சார், சாரி சார். பாஞ்சாலின்னு ஒருத்தங்க இருப்பாங்கோ, அவங்கள மட்டும் கூட்டினு வராதன்னு நீங்க போன்லயே சொன்னீங்கோ. ஒரு ஆள் கொறஞ்சுட்ச்சு, நான் தான் பேமானி மாதிரி இட்டுனு வந்துட்டேன்.”

வயசானவர்கள் வேண்டாம் என்று யாருமே சொல்லவில்லை. என் மனசு நோகக்கூடாது என்று ஏசுராஜ் அதைத் தானாகக் கட்டியிருக்கிறான். போன் பறக்காது என்று தெரிந்து, கூட்டம் காட்ட ஆள் வேண்டும் என்று வந்தபோது என் பிள்ளைக்கு எங்கள் சனம்தான் ஞாபகத்துக்கு வந்திருக்கிறது. கும்பலில் நின்று வயிறு கழுவுகிற அத்தனை பேரும் அவனுக்கு வேண்டியிருந்தார்கள். நான் ஒருத்திதான் வேண்டாம். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவன் சொன்ன பொய்க்காகக் கூசியதா, அதை நடுத்தெருவில் வைத்து உடைத்த என்னை நினைத்துக் கூசியதா, எனக்கே தெரியவில்லை. அந்த மயில்கழுத்துப் புடவையை எங்கே ஒளிப்பது என்றுதான் பார்த்தேன்.

முதலாளி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “உன் வாக்கை நம்பித்தானப்பா கடையே நடந்துச்சு” என்று மட்டும் சொன்னார். பலூன்களைக் கையால் விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அடையாறு சாவியும் அவரோடு உள்ளே போய்விட்டது. கடைப் பிள்ளைகள் வாசலில் கும்பலாக நின்று என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒரு பெண் மட்டும், “அம்மா காஸ்ட்யூம்னுதானே சொன்னாரு” என்று பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாள்.

எனக்குக் கால் எழவில்லை. இருபுறமும் கயிறு கட்டிய அந்தக் காலி இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஜைதூன் பீ கையைப் பிடித்து இழுத்தாள், போகவில்லை. கந்தவேல் சட்டையில் குத்தியிருந்த பேட்ஜைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். என் அருகில் வந்தான். தோளிலிருந்து நழுவிய என் முந்தானையை எடுத்துச் சரியாகப் போட்டுவிட்டான்.

“அம்மா, வீட்டுக்குப் போம்மா” என்றான். எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னான்.

அந்த வாசலில் அவன் என்னை அம்மா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் தலையைக் குனிந்துகொண்டு எதிர்ச்சாரிக்குப் போனேன்.